பார்... நல்லாப் பார்!

எழும்பூரில் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறி உட்கார்ந்ததும், வழியனுப்ப வந்த நண்பர் நாலாக மடித்த கட்டக் காகிதம் ஒன்றைக் கையில் திணித்தார். "ஊருக்குத்தானே போறே? உன் ஊரை வச்சே போட்டிருக்கேன். விடியறதுக்குள்ள முடிச்சுடு" என்றார். பிரித்துப் பார்த்தால் குறுக்கெழுத்துப் புதிர். ஒன்பதுக்கு ஒன்பது கட்டம். மேலே கொட்டை எழுத்தில் 'முத்துக்குளித்துறை' என்று தலைப்பு வேறு.

வாரப் பத்திரிகைகளில் 'இமயத்தில் பெய்வது (2)' என்று கேட்டு 'பனி' எழுத வைப்பார்களே, அந்த ரகம் இல்லை மக்களே. இது சிலேடைப் புதிர். குறிப்பின் ஒரு பகுதி விடையின் பொருள். மீதி, அந்தச் சொல்லை உடைத்தோ ஒட்டியோ புரட்டியோ காட்டும் விளையாட்டு. எங்கே வெட்டுவது என்று கண்டுபிடிப்பதில்தான் மண்டை காயும்.

1913 டிசம்பரில் ஆர்தர் வின் என்ற லிவர்பூல்காரர் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் முதல் குறுக்கெழுத்தைப் போட்டார். அதை முழுக்கச் சொல்விளையாட்டாக மாற்றியவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். 'டார்க்குமாடா' என்ற புனைபெயரில் எட்வர்ட் பவிஸ் மாதர்ஸ் 1926 முதல் அப்சர்வர் பத்திரிகையில் வாசகர்களைப் பாடாய்ப் படுத்தினார். நம்மூர் ஹிந்து நாளிதழில் 1971-ல் ஆரம்பித்தது. தமிழில் இந்தப் பாணியைத் தென்றல் மாத இதழில் வாஞ்சிநாதன் பல ஆண்டுகள் போட்டுப் பழக்கினார். காளமேகத்தை வைத்திருக்கும் மொழிக்கு இது புதுசா என்ன? பெயர்தான் புதுசு, பிழைப்பு பழசு.

செங்கல்பட்டு தாண்டியதும் பேனாவைத் திறந்தேன். இடமிருந்து வலம் 1:

"சங்கின் தலையில் வரும்படி சேர்ந்தால் கடலில் மூழ்கலாம் (4)."

சங்கின் தலை 'ச'. வரும்படி என்றால் லாபம். ஒட்டினால் சலாபம். முத்துக்குளிப்புக்கு எங்கள் கரையில் வழங்கிய பெயர் அதுதான். நண்பர் தெரிந்து வைத்தாரோ தெரியாமல் வைத்தாரோ, சொல்லுக்குள்ளேயே லாபம் உட்கார்ந்திருக்கிறது. யாருக்கு லாபம் என்பதுதான் இந்தக் கரையின் மொத்த வரலாறு. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளஸ், பாண்டியர்களின் கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளை வைத்து முத்து எடுத்தார்கள் என்கிறது. பிறகு பாண்டியன் போய், போர்த்துகீசியர் வந்து, டச்சுக்காரர் வந்து, வெள்ளைக்காரர் வந்து, கடைசியில் நம்ம சர்க்கார் வந்தது. கடைசிக் காலத்துக் கணக்கு இப்படி: எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, உயிரைக் கையில் பிடித்து மூழ்கியவர்களுக்கு ஒரு பங்கு.

அதே 'ச'வில் தொடங்கி மேலிருந்து கீழ் 1:

"மதுரையில் புலவர் கூடியது, தூத்துக்குடியில் மண்ணுக்குள் புதைந்து கிடப்பது (4)."

சங்கம்! சங்குக்கும் அதே பெயர்தான். கொற்கையில் 1968-69-ல் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியபோது அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்தன. கடலோ இன்று கொற்கையை விட்டுச் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண்ணின் வேலை. ஆனால் சங்கு எடுப்பது நிற்கவில்லை. வங்காளத்துக் கல்யாணப் பெண்கள் போட்டுக்கொள்ளும் வெள்ளை வளையலுக்கு எங்கள் கடல் சங்கு போயிருக்கிறது.

அடுத்தது நம் கூட்டத்துக்கென்றே போட்டது:

"அலுவலகத்தில் பிடுங்குவது அப்பழுக்கில்லாத முத்து (2)."

ஆணி! சிரித்த சிரிப்பில் எதிர் சீட்டுக்காரர் முறைத்தார். 'ஃபிரண்ட்ஸ்' படத்தில் 2001-ல் வடிவேலு புண்ணியத்தில் நமக்குக் கிடைத்த சொல் என்றுதானே நினைத்திருந்தோம்? அதற்கு எவ்வளவோ காலம் முன்பே முத்து வியாபாரிகள் வாயில் ஆணி இருந்தது. ஓட்டை போட்ட பித்தளைச் சல்லடைகளில் முத்தைச் சலிப்பார்கள். இருபது ஓட்டைச் சல்லடையில் நிற்பது பெருமுத்து. ஆயிரம் ஓட்டை வரைக்கும் சல்லடை உண்டு. அளவு பார்த்தபின் உருட்சியும் ஒளியும் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். குறையே இல்லாத முதல் தரம் ஆணிமுத்து. ஆக, தேவையுள்ள ஆணியும் உலகத்தில் உண்டு :-)

விழுப்புரம் தாண்டியதும் இன்னொன்று விழுந்தது:

"கப்பல் விட்டவரும், அவருக்கு முன்னே ஊரைப் பிடித்தவரும் இங்கிலீஷில் ஒரே முதலெழுத்து (3)."

வி.ஓ.சி. 1906-ல் சுதேசி கப்பல் கம்பெனி தொடங்கி, பிரிட்டிஷ் கம்பெனிக்கு எதிராகக் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் விட்டு, 1908-ல் சிறைக்குப் போன நம்ம வ.உ.சிதம்பரம் பிள்ளை. சரி, இன்னொருவர்? டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அவர்கள் மொழியில் வெரேனிக்டே ஓஸ்ட் இந்திஷே கொம்பனி என்று பெயர். சுருக்கினால் அதே வி.ஓ.சி! 1658-ல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்த கம்பெனி அது. வெள்ளைக்காரரிடம் ஊர் நிரந்தரமாகக் கைமாறியது 1825-ல். 2011-ல் துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் பெயர் வைத்தார்கள். கம்பெனியை எதிர்த்தவருக்கும் ஒரு கம்பெனிக்கும் ஒரே முதலெழுத்து. வரலாறே சிலேடை போட்டால் நாம் என்ன செய்ய?

எல்லாம் முடிந்தது, ஒரே ஒரு இரண்டெழுத்துச் சொல்லைத் தவிர.

"கவனி, உலகமே முத்து விளையும் இடம் (2)."

கவனி என்றால் பார். உலகம் என்றாலும் பார். சரிதான். ஆனால் முத்து விளையும் இடம்? மூன்றாவது கால் இல்லாமல் முக்காலி நிற்குமா? பேனாவை மூடிவிட்டுத் தூங்கிப் போனேன்.

காலையில் வீடு போய்ச் சேர்ந்ததும் காபியோடு பெரியப்பாவிடம் காகிதத்தை நீட்டினேன். கண்ணாடி போடாமலே சொன்னார்.

"பாருல்லா! இது தெரியலயால ஒனக்கு? தூத்துக்குடிக்காரம்னு வெளிய சொல்லிராத."

பக்கத்தில் இருந்த தம்பி மகன், "தாத்தா, பார்னா தண்ணி அடிக்கிற இடம்" என்றான். பெரியப்பா அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கொசுவத்தி சுத்த ஆரம்பித்தது.

கரையிலிருந்து தள்ளி, 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் பாறைத் திட்டுகளுக்குப் பார் என்று பெயர். முத்துச்சிப்பி ஒட்டி வளர்வது அங்கேதான். ஒவ்வொரு பாருக்கும் தனிப் பெயர் உண்டு. தொளாயிரம் பார் என்றே ஒன்று இருக்கிறது. நினைத்தபோதெல்லாம் சலாபம் வைக்க முடியாது. பாரில் சிப்பி விளைந்திருக்க வேண்டும். 1928-க்கு அப்புறம் 1955-ல்தான் மறுபடி விளைந்தது. வரிசையாக 1961 வரை நடந்தது. பெரியப்பாவுக்கு அப்போது பத்து வயது.

"தோணி திரும்புனா கரையே திருவிழால. சிப்பியத் தொறக்காமலே ஏலம் விடுவாவ. ஆயிரம் சிப்பி இவ்வளவுன்னு கேப்பாவ. உள்ள முத்து இருக்கா, வெறும் நாத்தமான்னு எடுத்தவனுக்கும் தெரியாது, வித்தவனுக்கும் தெரியாது."

அவர் சொல்லும்போது எனக்குக் குறுக்கெழுத்துப் போட்டிகளின் ஞாபகம்தான் வந்தது. பத்திரிகைகளில் ஒரு காலத்தில் காசு கட்டி ஆடும் போட்டிகள் இருந்தன. ஒரே கட்டத்துக்கு இரண்டு மூன்று சொல் பொருந்தும். எது 'சரி' என்பது மூடிய உறைக்குள் இருக்கும். சூதாட்டம்தானே? 1955-ல் பரிசுப் போட்டிச் சட்டம் வந்து, மாதப் பரிசுத் தொகை ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று கட்டிப் போட்டது. அது ஏலத்தில் எடுத்த சிப்பி மாதிரி. நல்ல சிலேடைப் புதிர் அப்படி இல்லை. விடை ஒன்றே ஒன்றுதான். பொருளும் விளையாட்டும் இரண்டு பக்கமிருந்தும் வந்து கைகுலுக்கும்போது உள்ளே முத்து இருப்பது உறுதியாகிவிடும்.

1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் சலாபம் நடக்கவில்லை. 1973-ல் பக்கத்து வேப்பலோடையில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி, சிப்பிக்குள் கரு வைத்து உருண்டை முத்து வளர்த்துக் காட்டினார். பெரிய சாதனை. ஆனால் அதற்கு மூச்சடக்கி மூழ்க வேண்டாம், கயிறு பிடிக்க மச்சான் வேண்டாம், சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் போடும் கடல்கட்டி வேண்டாம். (அந்தக் கடல்கட்டியும் புதிரில் இருந்தார்: "உப்புநீரோடு வெல்லத்துண்டு, சுறாவுக்கு வாய்ப்பூட்டு (6)." அதற்கும் பெரியப்பாதான் 'சரிதாம்ல' சொன்னார், நான் குருட்டாம்போக்கில் எழுதியிருந்தேன்.)

யோசித்துப் பார்த்தால், சிலேடை உயிரோடிருக்க ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தமும் உயிரோடிருக்க வேண்டும். தொழில் போனதும் ஒரு அர்த்தம் போகிறது. சொல் என்னவோ அப்படியே இருக்கும். ஒற்றைக் காலில் நிற்கும். பெரியப்பா கண்ணாடி போடாமல் போட்ட விடைக்கு நான் ஒரு ராத்திரி முழித்தேன். தம்பி மகனுக்கு அது சாராயக்கடை. மூன்று தலைமுறை, ஒரே இரண்டெழுத்து.

சாயங்காலம் தம்பி மகனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், "அந்தா, அங்கதான் பார் இருக்கு" என்று கையைக் காட்டினேன். "எங்க? ஒண்ணும் தெரியலயே" என்றான். "நல்லாப் பார்" என்றேன். இரண்டு நொடி கழித்துச் சிரித்தான் பாருங்க, அந்தச் சிரிப்பு போதும்.

போறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒண்ணு, இது என் சொந்தச் சரக்கு:

"குழந்தை தருவது, எங்கள் ஊர் வீட்டில் வடகம் காய்வது, கொற்கையில் விளைந்தது (4)."

நெல்லைப் பக்கத்து ஆச்சி யாராவது பக்கத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்க. கண்ணாடி போடாமலே சொல்லிருவாவ.