பத்திரமில்லாத தோட்டம்: ‘அல்கராஸ்’ படத்தில் ஒரு குடும்பத் தொழிலின் முடிவு

சோலே குடும்பத்தார் ஒரு பத்திரத்தைக் கேட்கிறார்கள். தாத்தா ரோகேலியோவிடம் அது இல்லை, எப்போதும் இருந்ததில்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது (1936–39) நிலக்கிழார்களான பின்யோல் குடும்பத்தைச் சோலேக்கள் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். அந்த நன்றிக்கடனாக வந்த நிலம் அது. வாய்ச்சொல்லே சாசனம். மூன்று தலைமுறை கழித்து பின்யோல் வாரிசு அந்த நிலத்தில் சூரிய மின்பலகைகளை நட முடிவுசெய்கிறார். பீச் பழத்தோட்டத்துக்கு இதுவே கடைசி அறுவடை.

கார்லா சிமோன் இயக்கிய ‘அல்கராஸ்’ (2022) படத்தைப் பழைய உழவுக்கும் புதிய தொழில்நுட்பத்துக்கும் நடக்கும் போராட்டமாக வாசிப்பது எளிது. அந்த வாசிப்பு போதாது. தோட்டத்தை வீழ்த்துவது மின்பலகை மட்டுமல்ல. சொல்லையும் உறவையும் முதலாகப் போட்டு நடந்த ஒரு தொழிலுக்குச் சட்டத்திலும் சந்தையிலும் இடமில்லாமல் போனதே அதன் வீழ்ச்சிக்கு மூலகாரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சந்தையிலிருந்து தொடங்கலாம். நிலம் கையிலிருந்தாலும் சோலேக்கள் தப்பியிருப்பார்களா? படத்தில் உழவர்கள் கட்டுபடியாகாத கொள்முதல் விலையை எதிர்த்துத் தெருவில் இறங்குகிறார்கள். பாடுபட்டு விளைவித்த பழத்தைத் தாங்களே கொட்டி நசுக்குகிறார்கள். அறுவடைக்கு வரும் ஆப்பிரிக்கத் தொழிலாளர்களுக்குக் கூலி உண்டு. தோட்டத்தை நடத்தும் ரோகேலியோவின் மகன் கீமெத்தின் முதுகுவலிக்கும், அவர் மனைவி தொலோர்சின் ஓயாத உழைப்புக்கும், மகன் ரொஜேர் தோட்டத்தில் கழிக்கும் கோடைக்கும் எந்தப் பேரேட்டிலும் வரி இல்லை. குடும்பத் தொழில் நட்டத்தில் ஓடியும் நிற்காமல் இருப்பதற்கு இந்தக் கணக்கில் வராத உழைப்பே காரணம். அதே உழைப்புதான் நட்டத்தின் உண்மையான அளவை மறைக்கவும் செய்கிறது. மகன் படிக்க வேண்டும் என்கிறார் கீமெத். மகனோ நிலத்தை விட மறுக்கிறான். தொழில் கைமாற வேண்டிய இடத்திலேயே அது அறுந்துபோகிறது.

படத்தின் வடிவமும் இதையே சொல்கிறது. இதில் தனி நாயகர் இல்லை. குழந்தை ஈரிஸ், பதின்பருவ மரியோனா, தாத்தா என்று ஒவ்வொருவர் அருகிலும் தானியேலா காஹியாசின் கேமரா சிறிது நேரம் இருந்துவிட்டு நகர்கிறது. நடித்தவர்களில் பெரும்பாலோர் கதை நடக்கும் அல்கராஸ் வட்டாரத்து மக்கள், தொழில்முறை நடிகர்கள் அல்லர். பேச்சும் அவ்வூர்க் கத்தலான் பேச்சு. சிமோனின் சொந்தக் குடும்பமே அல்கராசில் பீச் பயிரிடுகிறது. அதனால்தான் இழப்பு ஒருவருடைய சோகமாகச் சுருங்காமல் வீட்டுக்குள் ஆளுக்கொரு விதமாகப் பரவுகிறது. தோட்டத்தை ஓட்டிய கட்டுப்பாட்டையெல்லாம் தலையில் சுமந்த கீமெத் பிள்ளைகளின் கண்முன்னே உடைந்து அழும் காட்சி, படத்தின் மிகச் சிறந்த இடம்.

இது கடந்தகாலத்துக்கான ஏக்கம் மட்டும்தானே என்று கேட்கலாம். அல்ல. மின்பலகை வேலையில் உழைப்பு குறைவு, வருமானம் அதிகம் என்று பின்யோல் சொல்வதைப் படம் பொய்யாக்கவில்லை. கீமெத்தின் தங்கை குடும்பம் அந்தப் பக்கம் சாய்வதையும் துரோகமாகக் காட்டவில்லை. உண்மையான குறை வேறொன்று: கூலித்தொழிலாளர்களின் குரல் மிகக் குறைவாகவே கேட்கிறது. கணக்கில் வராதவர்களைப் பற்றிய படத்தில் இது சிறிய விடுபடல் அல்ல.

2022 பிப்ரவரியில் எம். நைட் ஷியாமளன் தலைமையிலான நடுவர் குழு, பெர்லின் விழாவின் தங்கக் கரடி விருதை இப்படத்துக்கு அளித்தது. கத்தலான் மொழிப் படம் ஒன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதல்முறை. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, 2021 டிசம்பரில், ஸ்பெயின் தன் உணவுச் சங்கிலிச் சட்டத்தைத் திருத்தி, உற்பத்திச் செலவுக்கும் குறைவான விலையில் உழவர்களிடம் கொள்முதல் செய்வதைத் தடுத்தது. எழுத்து ஒப்பந்தத்தின் கட்டாயத்தையும் விரிவாக்கியது. அந்தச் சட்டம் விளைச்சலை விற்பது பற்றியது. ரோகேலியோவுக்கு வாய்ச்சொல்லாகக் கிடைத்த நிலத்துக்கு அதில் இடமில்லை.