நிழலைப் படிக்கும் வித்தை

காங்கேயம் சாலையை ஒட்டி, விஸ்வேஸ்வரர் ஆலயத்தைக் கொண்ட பழம்பதியாகிய நல்லூர், தனி நகராட்சியாய் இருந்து 2011-ஆம் ஆண்டில் திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்த பின்பும், பனியன் தொழிலின் ஓசை ஓயாத ஊராகவே விளங்குகிறது. இங்குள்ள கம்பெனிகளில் செக்கிங் மேசையருகே நின்று, விளக்கொளியில் துணியை விரித்து, பிறர் கண்ணுக்கு மாசற்றதாய்த் தோன்றும் பரப்பிலே ஒரு சிறு துளையையும் எண்ணெய்க் கறையையும் கணத்தில் கண்டுவிடும் பெண்களின் பார்வை பிறவியிலே வந்ததன்று. மூத்தவர் அருகிலிருந்து எண்ணற்ற உருப்படிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகியதால் வந்தது. அப்பெண்களின் மார்பகத்தில் தோன்றும் புற்றுநோயை, அது கைக்குத் தட்டுப்படுமுன்னரே நிழற்படத்தில் கண்டறியும் மருத்துவரின் பார்வையும் அவ்வாறு அப்பியாசத்தால் உண்டாவதே என்பதை மார்பக நிழற்படத் துறையின் சரித்திரம் உணர்த்துகிறது.

பெர்லின் நகரத்து அறுவைச் சிகிச்சை நிபுணர் ஆல்பர்ட் சாலமன், அறுத்தெடுக்கப்பட்ட சுமார் 3,000 மார்பகங்களை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, 1913-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அப்படங்களில் தெரிந்த நுண்ணிய சுண்ணப் புள்ளிகள் புற்றுநோயின் அடையாளமாகலாம் என்பதைத் தெளிவாக எடுத்துரைத்த பெருமை, பல்லாண்டுகளுக்குப் பின்னர், உருகுவே நாட்டு ரவுல் லெபோர்னைச் சேர்ந்தது. புள்ளிகள் படத்தில் இருந்தன, அவற்றைப் படிக்கும் கண்தான் தாமதமாக வந்தது. 1960-ஐ ஒட்டி அமெரிக்காவின் ஹூஸ்டனில் ராபர்ட் ஈகன் தெளிவான படமெடுக்கும் முறையொன்றை வகுத்தபோது, அது அவருக்கு மட்டுமே கைவந்த கலையோ என்ற ஐயம் எழுந்தது. அதைத் தீர்க்க, 24 மருத்துவ ஸ்தாபனங்களைச் சேர்ந்தவர்களுக்கு அம்முறையைக் கற்பித்துச் சோதித்தார்கள். கற்றவர்களுக்கும் அது கைகூடிற்று. மேமோகிராம் எனப்படும் மார்பக எக்ஸ் கதிர்ப்படம் ஒரு தனிமனிதரின் திறமையாக இருந்த நிலை மாறி, குருவிடமிருந்து சீடருக்குச் செல்லும் வித்தையானது அப்போதுதான்.

வித்தை பரவியதும் அதற்கு நியமங்களும் தோன்றின. 1988-இல் தேசமளாவிய பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கிய பிரிட்டன், படம் படிப்பவர் ஆண்டொன்றுக்கு 5,000 பேரின் படங்களையாவது பார்க்கவேண்டுமென எதிர்பார்க்கிறது. அமெரிக்க விதிகளோ 24 மாதங்களில் 960 என்கின்றன. அளவு வேறுபடினும், பழக்கம் அற்றுப்போன கண்ணை நம்பலாகாது என்னும் தத்துவம் ஒன்றே.

நம் நாட்டில் இதற்கான அடித்தளம் சென்னையில் இடப்பட்டது. 1934-இல் பொது மருத்துவமனையில் திறக்கப்பெற்ற பர்னார்டு கதிரியல் நிறுவனம் அத்துறைக்கு ஒரு நிலையான இல்லமாயிற்று. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தைத் தொண்டாக மாற்றிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு உதித்த புற்றுநோய் நிறுவனம், 1984-இல் புற்றுநோய் மருத்துவத்திலும் அறுவையிலும் உயர்சிறப்புப் பட்டங்களைத் தொடங்கி, இந்நோய்க்கென்றே தனிப்பயிற்சி வேண்டும் என்பதை நாட்டில் நிலைநாட்டிற்று. இன்று கதிரியலில் பட்டமேற்படிப்பை முடித்தவர்கள் மார்பகப் படிமவியலில் ஃபெல்லோஷிப் பயில வாய்ப்புண்டு. மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் படிப்பதும், படத்தின் துணையால் ஊசி செலுத்தித் திசு எடுப்பதும், தாம் சொன்னதைத் திசுவியல் முடிவோடு வைத்துத் தம்மையே திருத்திக்கொள்வதும் அப்பயிற்சியின் சாரம்.

மேனாட்டு நியமங்களை அப்படியே பின்பற்றுதல் நமக்குப் போதாது. நம் பெண்களுக்கு இந்நோய் மேனாட்டாரைவிட இளவயதிலேயே வருவது மிகுதி; இளவயது மார்பகம் அடர்த்தியாதலால் மேமோகிராமில் வெண்மையாய்த் தோன்றி, அதே வெண்மையுள்ள கட்டியை மறைத்துவிடும். அங்கே அல்ட்ராசவுண்டும் அதைக் கையாளும் நிபுணரின் பொறுமையுமே துணை. 1998-இல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களை மும்பையில் தொடர்ந்து கவனித்த டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளரின் கைப்பரிசோதனையால்கூட நோய் முன்னதாகவே வெளிப்படுகிறதென்றும், 50 வயதைக் கடந்தோரிடையே மரணம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைந்ததென்றும் 2021-இல் தெரிவித்தது. கையாயினும் கண்ணாயினும் பயன் தந்தது பயிற்சியே.

ஆகவே, ஆலைகளின் மருத்துவ முகாம்களுக்கென மேமோகிராம் இயந்திரம் வழங்க முன்வரும் தருமசீலர்கள், அந்தப் படத்தைப் படிக்கும் இளம் மருத்துவர் ஒருவரின் பயிற்சிக் காலத்துக்கும் பொருளுதவி செய்வார்களாயின், அத்தருமம் இரட்டிப்பாகும். இயந்திரம் சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். நன்கு பயின்ற மருத்துவரோ தம் ஆயுட்காலம் முழுதும் படிப்பார், பிறருக்கும் படிக்கக் கற்பிப்பார்.