டல்ஹௌஸி சதுக்கமும் நாம் குடியிருந்த தெருவும்

பிழைப்பு நாடித் தென்னாட்டினின்று கல்கத்தா வந்து சேர்ந்த நம்மவருள் பெரும்பாலோர்க்கு இம்மாநகரம் இரண்டே இடங்களாக அமைந்தது. ஒன்று, பகலெல்லாம் பேனா பிடித்த டல்ஹௌஸி சதுக்கம்; மற்றொன்று, மாலையில் திரும்பி வந்து காப்பி அருந்திய லேக் மார்க்கெட் வட்டாரம். முன்னதைக் காக்கச் சட்டம் உண்டு. பின்னதன் கதி யாது என்பது பற்றி, இம்மலரைக் கையிலெடுக்கும் அன்பர்களோடு சிறிது உரையாட விழைகின்றோம். நாம் சரித்திரம் கற்றுப் பட்டம் பெற்றவரல்லோம். மெட்ரிக் தேறி ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்தவர். ஆயினும் இருபது ஆண்டுகளாகப் பழங்கட்டடங்களின் நிழலிலேயே காரியாலயம் சென்று மீள்வதால், அவற்றைப் பற்றிச் சிலவற்றை அறிந்துகொள்ளும் ஆவல் நமக்கு உண்டாயிற்று.

ஃபேர்லி பிளேஸில் நம் காரியாலயம் நிற்கும் மண்ணே பழங்கதை கூறும் மண். 1756-ஆம் ஆண்டில் நவாப் சிராஜ் உத் தௌலா கைப்பற்றிய பழைய வில்லியம் கோட்டை இருந்தது இவ்விடத்தில்தான். 1883-இல் ஈஸ்ட் இந்தியன் ரயில்வே கம்பெனியார் தம் காரியாலயத்திற்கு அஸ்திவாரம் தோண்டியபோது அக்கோட்டையின் சுவர்கள் வெளிப்பட்டன. கம்பெனியின் கட்டடக்கலைஞரான ரோஸ்கெல் பெய்ன், மண்ணை மூடிவிட்டு வேலையைப் பார்க்காமல், அச்சுவர்களை அளந்து குறித்து வைத்தார். 1874-இல் திறக்கப்பெற்ற நியூ மார்க்கெட்டும் அவர் வகுத்ததே. ரயில்வேக்காரர் ஒருவர் வரைந்த படத்தின்படி எழுந்த கடைவீதியில் நம் வீட்டுப் பெண்மணிகள் புடவைக்கு விலை பேசுகிறார்கள் என்பதை எண்ணுங்கால், நமக்குச் சற்றுப் பெருமையாகவே இருக்கிறது!

இக்கட்டடங்கள் என்றும் நிலைத்திருக்கும் என்று நம்புதற்கில்லை. தபால் தலைமை நிலையத்தையும் உயர்நீதிமன்றத்தையும் வகுத்த வால்டர் கிரான்வில், கல்லூரித் தெருவில் பல்கலைக் கழகத்திற்கென ஸெனெட் மண்டபத்தையும் எழுப்பினார். 1872-இல் முடிந்த அம்மண்டபத்தின் உயர்ந்த தூண்களை இன்று படங்களில்தான் காணலாம். 1960-இல் அதனை இடித்துவிட்டு நூற்றாண்டு விழாக் கட்டடத்தை எழுப்பினர். மூன்றாண்டுகளுக்குப் பின், 1963-இல், நியூயார்க் நகரத்தார் தங்கள் பென்ஸில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கினர். ஆனால் அங்கே எழுந்த கொதிப்பு 1965-இல் நகரச் சட்டமாகவும், 1966-இல் தேசச் சட்டமாகவும் விளைந்தது. இங்கோ, மேற்கு வங்க மரபுடைமை ஆணையத்திற்கான சட்டம் 2001-இல்தான் வந்தது.

டல்ஹௌஸி சதுக்கத்தின் கீழ்ப்புறத்துள்ள கரன்ஸி கட்டடத்தின் வரலாறும் கேட்கத்தக்கது. 1833-இல் எழுந்து, ஆக்ரா பாங்கு இருந்து, 1868 முதல் நோட்டு வழங்கும் காரியாலயமாக விளங்கியது அது. 1996-இல் அரசாங்கத்தாரே அதனை இடிக்கத் தொடங்கினர். நடுக்கூடத்தின் மூன்று பெருங்குவிமாடங்களும் வீழ்ந்த பிறகே எதிர்ப்பு எழுந்து வேலை நின்றது. 1998-இல் அது தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் வந்தது. செப்பனிடப்பெற்று 2020 ஜனவரியில் காட்சிக்கூடமாகத் திறக்கப்பட்டது. அந்நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து நோக்கினால் இன்று தெரிவது வானமே.

மாநகராட்சி, காக்கத்தக்க கட்டடங்களைப் பட்டியலிட்டுத் தரம் பிரித்திருக்கிறது. முதல் தரத்தின் வெளித்தோற்றத்தைத் தொடலாகாது. இரண்டாந் தரத்தில் ஓரளவு சேர்க்கைக்கு இடமுண்டு. மூன்றாந் தரமோ, இடித்துவிட்டு நினைவுப் பலகை ஒன்று பதித்தாற் போதும் என்ற நிலை. ஆகவே தரத்தைத் தாழ்த்துவதே இடிப்பதற்கு வழியாகிவிடுகிறது. லிட்டில் ரசல் தெருவின் பழைய கெனில்வொர்த் மாளிகை அவ்வாறே தரம் தாழ்த்தப்பெற்று 2017-இல் மறைந்தது. இதனைக் காவல் என்று சொல்ல நமக்கு நாக்கூசுகிறது.

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த கல்கத்தா அபிவிருத்தி டிரஸ்டு, ராஸ்பிகாரி அவென்யூவையும் சதர்ன் அவென்யூவையும் வகுத்து, ஏரியையும் தோண்டியது. அத்தெருக்களில் பெயர் அறியாத கொத்தனார்களும் மேஸ்திரிகளும் வங்காளிக் குடும்பங்களுக்கு வீடுகள் கட்டினர். சிவப்புச் சிமெண்டுத் தரை, பச்சை வர்ணம் பூசிய மரச்சட்டச் சன்னல், வளைந்த வராந்தா, தெருவைப் பார்த்த திண்ணை. நம்மவர் வாடகைக்குப் புகுந்து கோலமிட்ட வாசல்கள் அவையே. தனித்தனியே நோக்கினால் இவற்றுள் எந்த வீடும் பட்டியலில் ஏறும் தகுதி பெறாது. வரிசையாக நின்றால்தான் அழகு. அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகரத்தார் 1931-லேயே வீட்டை விட்டு வட்டாரத்தையே காக்கும் முறையைக் கண்டனர். நாவலாசிரியர் அமித் சௌதுரி முதலியோர் 2015 முதல் இங்கும் அதனையே வற்புறுத்தி வருகின்றனர்.

வீட்டுக்காரரைக் குறை கூறவும் நமக்கு மனம் வரவில்லை. வந்த வாடகை கூரை ஒழுகலை அடைக்கவும் காணாது, பிள்ளைகளோ வெளிநாட்டில். கட்டடம் உயர்த்தும் உரிமையை வேறிடத்துக் கட்டுநருக்கு விற்று, அப்பணத்தால் பழைய வீட்டைப் பேண வழி செய்யலாம் என்பது சௌதுரி கூறும் யோசனைகளுள் ஒன்று. அவ்வழி இருந்திருந்தால் நாம் பிறந்து வளர்ந்த வீடும் நின்றிருக்கக் கூடும்.

அதனை இடித்த நாளில் அன்னையாரை அழைத்துச் சென்றோம். சன்னல்களைக் கழற்றித் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா வண்டிக்காரனிடம் வங்காளியிலேயே பேரம் பேசி, சமையலறைச் சன்னலின் ஒரு கதவை விலைக்கு வாங்கினார். அது நம் குவார்ட்டர்ஸ் சுவரில் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. சட்டங்களைத் திருப்பினால் இன்றும் திறந்து மூடுகின்றன. அப்பால் இருப்பது சுண்ணாம்புச் சுவர்.