முதற் கட்டளை யாருடையது? திறன்பேசியின் மீட்பு நிலை பற்றிய வரலாற்று நோக்கு

திறன்பேசியொன்று திடீரென இயங்க மறுப்பதும், தயாரிப்பாளரின் சின்னம் திரையில் மாறிமாறித் தோன்றி மறைவதும் இன்று பலர் அறிந்த நிகழ்ச்சியாகும். அவ்வேளையில் மின்பொத்தானையும் ஒலியளவுப் பொத்தானையும் ஒருங்கே அழுத்திப் பிடித்தால், வழமையான திரைக்குப் பதிலாகக் கரிய பின்னணியிற் சில வரிகள் மாத்திரம் தோன்றும். அழுத்தவேண்டிய பொத்தான்கள் சாதனத்துக்குச் சாதனம் வேறுபடலாம். ஆயினும் நிகழ்வது ஒன்றே. மீட்பு நிலை எனப்படும் அந்நிலையிலிருந்து, இயங்குதளம் எனவும் வழங்கப்படும் பணிசெயல் முறைமையை மீளப் பதித்துக்கொள்ள இயலும்.

இச்செயல் தன்னுள் ஒரு புதிரைக் கொண்டது. கணினி எதனையும் கட்டளையின்றிச் செய்வதில்லை. கட்டளைகளை வழங்கும் முறைமையே பழுதுற்றபோது, அதனைத் திருத்துமாறு கட்டளையிடுவது எது? யாவும் அழிக்கப்படும்போது அழியாது எஞ்சி நிற்பது யாது? அவ்வாறு எஞ்சி நிற்பதன்மீது அதிகாரம் உடையோர் யாவர்? முதலிரு வினாக்களும் பொறியியல் சார்ந்தன. மூன்றாவதோ உடைமையும் உரிமையும் பற்றியது. இவ்வினாக்களுக்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடைகளை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்கக் கட்டளைகள்

நினைவகத்திற் பதிக்கப்பட்ட கட்டளைகளைக் கொண்டு இயங்கும் கணினி தோன்றிய காலத்திலேயே இப்புதிரும் தோன்றிவிட்டது. கட்டளைகளை நினைவகத்துள் ஏற்றுவதற்கும் ஒரு கட்டளைத் தொடர் வேண்டும். அத்தொடரை ஏற்றுவது எவ்வாறு? கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மொறிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவான எட்சாக் என்னும் கணினி 1949ஆம் ஆண்டு மே 6ஆம் திகதி முதன்முதலாக வெற்றியுடன் இயங்கியது. அதன் தொடக்கக் கட்டளைகளை எழுதியவர் அக்காலத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த டேவிட் வீலர். அவை 31 கட்டளைகள் மாத்திரமே. தொலைபேசி நிலையங்களிற் பயன்பட்ட படிமுறை ஆளிகளில் அவை மின்கம்பி இணைப்புகளாகவே அமைக்கப்பட்டிருந்தன. தொடக்கப் பொத்தானை அழுத்தியதும் ஆளிகள் அக்கட்டளைகளை நினைவகத்துள் இட்டன. அக்கட்டளைகள் துளையிட்ட தாள்நாடாவிலிருந்து எஞ்சிய நிரலை வாசித்தன. அதே ஆண்டில் வீலர் அவற்றைத் திருத்தி 41 கட்டளைகளாக விரித்தமைத்தார்.

இன்றைய மீட்பு நிலையின் வித்து இங்கே காணப்படுகின்றது. நினைவகத்தில் எது அழிந்தாலும் கம்பியில் அமைந்த அக்கட்டளைகள் அழியவில்லை. தம் சப்பாத்தின் வாரைத் தாமே பற்றி இழுத்துத் தம்மை உயர்த்திக்கொள்ளுதல் என்னும் ஆங்கில மரபுத்தொடரிலிருந்தே கணினியைத் தொடக்குதலைக் குறிக்கும் ‘பூட்டிங்’ என்ற சொல் பிறந்தது. ஒருவர் தம்மைத் தாமே தூக்க இயலாது என்பது யாவரும் அறிந்ததே. கணினியும் உண்மையில் தன்னைத் தானே தூக்கவில்லை. முன்னரே ஒருவர் நிலையாக வைத்துச்சென்ற சிறு படியொன்றிற் காலூன்றியே எழுகின்றது.

கையிலிருந்து சில்லுக்கு

அச்சிறு படியை மனிதனின் கையே அமைக்கவேண்டிய நிலையும் இருந்தது. 1975ஆம் ஆண்டு சனவரியில் ‘பொப்பியூலர் இலெக்ரோனிக்ஸ்’ சஞ்சிகையின் அட்டையில் இடம்பெற்ற அல்ரெயர் 8800 என்னும் சிறுகணினியின் முகப்பில் விசைப்பலகையோ திரையோ இருக்கவில்லை. ஆளிகளும் சிறு விளக்குகளுமே இருந்தன. மின்சாரம் நின்றால் அதன் நினைவகம் வெறுமையாகும். ஆதலின் நாடாவிலிருந்து நிரலை வாசிக்கும் சிறு தொடரினை ஒவ்வொரு முறையும் ஆளிகளை மேலும் கீழும் தள்ளி இடவேண்டியிருந்தது. அக்கணினிக்கான பேசிக் மொழியைச் செய்துகாட்ட 1975இல் அல்புகேர்க்கி நகருக்கு விமானத்திற் சென்ற போல் அலன், இந்தத் தொடக்கத் தொடரை எழுத மறந்தமையை வழியில் உணர்ந்து, விமானம் தரையிறங்குமுன் அதனை எழுதி முடித்தமை கணினி வரலாற்றிற் பலரும் எடுத்துரைக்கும் செய்தியாகும். அந்நிலையில் முதற் கட்டளை முழுவதும் பயன்படுத்துவோரின் கையிலேயே இருந்தது. உழைப்பு மிகுதி, உரிமையும் முழுமை.

1981ஆம் ஆண்டு ஆகத்து 12ஆம் திகதி ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகஞ்செய்த தனியாள் கணினியில் அவ்வுழைப்பு நீங்கியது. பயொஸ் எனப்படும் அடிப்படைக் கட்டளைகள் வாசிப்பு மாத்திர நினைவகச் சில்லில் நிலையாகப் பொறிக்கப்பட்டன. கணினி தொடங்கியதும் அவை வன்பொருளைச் சோதித்து, நெகிழ்வட்டில் முறைமை உண்டோ எனத் தேடின. அவ்வட்டில் இருப்பது எவருடைய முறைமை என்று அவை வினவவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. முதற் கட்டளை கையைவிட்டுச் சில்லுக்குச் சென்றபோதும், இரண்டாவது கட்டளையைத் தெரிவுசெய்யும் உரிமை பயனரிடமே எஞ்சியிருந்தது. பழுதுற்ற கணினியைத் திருத்த ஒரு நல்ல நெகிழ்வட்டே போதுமாயிருந்தது.

அழிவும் திருத்தமும்

வாசிப்பு மாத்திர நினைவகத்துக்கு ஒரு குறை உண்டு. அதிற் பிழையிருப்பின் சில்லையே மாற்றவேண்டும். தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த புஜியோ மசுவோக்கா 1984இல் வெளியிட்ட பிளாஷ் நினைவகம் இக்குறைக்குத் தீர்வாயிற்று. மின்சாரம் இன்றியும் பதிவைக் காக்கும் அந்நினைவகத்தை வேண்டியபோது அழித்தெழுதவும் முடிந்தது. 1990களில் பயொஸ் கட்டளைகள் பிளாஷ் சில்லுகளுக்கு மாறின. ஆனால் திருத்தவல்லது எதுவோ அது சிதைக்கவும் வல்லதாகும். 1998இல் தோன்றிய சி.ஐ.எச். என்னும் வைரசு, 1999ஆம் ஆண்டு ஏப்பிரில் 26ஆம் திகதி செயற்பட்டு, வன்தட்டின் தொடக்கப் பகுதியையும் சிலவகைக் கணினிகளில் பயொஸ் சில்லையும் அழித்தெழுதியது. பயொஸ் அழிந்த கணினிக்கு நெகிழ்வட்டும் உதவவில்லை. அவ்வட்டை வாசிக்கக் கட்டளையிடும் பகுதியே அங்கு இருக்கவில்லை. சில்லை மாற்றுவதோ வேறு கருவிகொண்டு மீள எழுதுவதோ அன்றி வழியிருக்கவில்லை.

அழியாதது திருந்தாது, திருந்துவது அழியும். இம்முரண்பாடே பின்வந்த வரலாறு முழுவதையும் இயக்கியது எனலாம்.

மீட்பு நிலையின் அமைப்பு

திறன்பேசியில் இம்முரண்பாடு மேலும் கூர்மையடைந்தது. அதில் நெகிழ்வட்டு இல்லை. கழற்றக்கூடிய வன்தட்டு இல்லை. யாவும் பலகையோடு பற்றுவைக்கப்பட்ட பிளாஷ் நினைவகத்திலேயே அடங்கும். எனவே நோயும் மருந்தும் ஒரே பெட்டகத்தில் வைக்கப்படவேண்டியதாயிற்று.

2008ஆம் ஆண்டு ஒக்ரோபரில் விற்பனைக்கு வந்த முதலாவது அன்ட்ரொயிட் திறன்பேசியான ரீ-மொபைல் ஜீ1 தொடக்கம் இதற்குக் கையாளப்பட்ட வழி, நினைவகத்தைப் பல பகுதிகளாகப் பிரித்தலாகும். முறைமைக்கு ஒரு பகுதி, பயனரின் தரவுக்கு ஒரு பகுதி, வழமையான தொடக்கத்துக்கு ஒரு பகுதி என்பவற்றோடு மீட்புக்கெனத் தனிப்பகுதி ஒன்றும் ஒதுக்கப்பட்டது. அப்பகுதியில் லினக்ஸ் கருவும் சில கருவிகளும் மாத்திரம் கொண்ட சிறு முறைமையொன்று உறைந்திருக்கும். செயலியினுள் உள்ள மாற்றவியலாத கட்டளைகள் பூட்லோடர் எனப்படும் தொடக்க ஏற்றியை எழுப்ப, அது எப்பகுதிக்குச் செல்வதெனத் தீர்மானிக்கும். மீட்புப் பகுதிக்குச் சென்றால், பெரிய முறைமையின் துணையின்றியே சிறிய முறைமை இயங்கும். நினைவக அட்டையிலிருந்தோ வடத்தின் மூலம் கணினியிலிருந்தோ புதிய பொதியைப் பெற்று, அதன் இலக்கமுறைக் கையொப்பத்தைச் சரிபார்த்து, பின்னரே அதனைப் பதிக்கும்.

இவ்வமைப்பின் நுட்பமொன்று குறிப்பிடத்தக்கது. முறைமையைப் புதுப்பிக்கும் பணி தொடங்குமுன், செய்யவேண்டியது யாதென்னும் குறிப்பு தனியொரு சிறுபகுதியில் எழுதப்படும். பணி முற்றாக நிறைவேறிய பின்னரே அக்குறிப்பு அழிக்கப்படும். இடையில் மின்கலம் தீர்ந்து சாதனம் அணைந்துவிடினும், மீண்டும் எழும்போது அக்குறிப்பைக் கண்டு மீட்பு நிலைக்கே திரும்பி எஞ்சிய பணியைத் தொடரும்.

திறவுகோலுக்கான போராட்டம்

கையொப்பத்தைச் சரிபார்த்தல் என்பதே மேலே எழுப்பப்பட்ட மூன்றாவது வினாவுக்கான புதிய விடையாகும். தனியாள் கணினியின் பயொஸ் கேளாத கேள்வியைத் திறன்பேசி கேட்கத் தொடங்கியது. 2007ஆம் ஆண்டு யூன் 29ஆம் திகதி இரு நிகழ்ச்சிகள் ஒரே நாளில் நிகழ்ந்தன. அப்பிள் நிறுவனத்தின் ஐபோன் விற்பனைக்கு வந்தது. பொதுமக்கள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பை கட்டற்ற மென்பொருள் மன்றம் வெளியிட்டது. மூலநிரலை வழங்கிவிட்டு, மாற்றிய நிரலைச் சாதனத்தில் இயங்கவிடாது கையொப்பத்தால் தடுக்கும் வழக்கம் அதற்கு முன்னரே ரிவோ என்னும் ஒளிப்பதிவுக் கருவியிற் காணப்பட்டது. அதற்கு எதிராக, நுகர்வோர் சாதனங்களில் மாற்றிய நிரலைப் பதித்தற்கு வேண்டிய தகவலையும் அளிக்கவேண்டுமென அப்பதிப்பு விதித்தது. ஆனால் லினக்ஸ் கரு இரண்டாம் பதிப்பிலேயே நிலைத்தது. ஆகவே அன்ட்ரொயிட் சாதனத்தின் கருவுக்குரிய மூலநிரலைப் பெறும் உரிமை மக்களுக்கு உண்டு. அதனைத் தம் சாதனத்தில் இட்டு இயக்கும் உரிமையோ தயாரிப்பாளரின் விருப்பைப் பொறுத்ததாயிற்று.

இதன் விளைவாகத் திறவுகோலுக்கான போராட்டம் மூண்டது. 2008 நவம்பரில் ஜீ1 சாதனத்திற் கண்டறியப்பட்ட வழுவொன்று வேடிக்கையானது. விசைப்பலகையில் தட்டப்பட்ட சொற்கள் யாவும் பின்னணியில் உச்ச அதிகாரம் பெற்ற கட்டளைகளாகவும் இயங்கின. ‘ரீபூட்’ என்று ஒருவர் உரையாடலில் தட்டியபோது சாதனம் மீளத் தொடங்கியது. வழு விரைவில் திருத்தப்பட்டதாயினும், அத்தகைய வழிகளாற் பயனர்கள் மீட்புப் பகுதியையே தம் விருப்புக்கேற்ப மாற்றக் கற்றனர். 2009இல் ஸ்டீவ் கொண்டிக் தொடங்கிய சயனோஜென்மொட் என்னும் மாற்று முறைமை இம்மீட்புப் பகுதியின் வழியாகவே பரவியது. 2016 டிசம்பரில் அதன் பணி நின்றபின் லினியேஜ் ஓ.எஸ். அதனைத் தொடர்ந்தது. தயாரிப்பாளர் கைவிட்ட சாதனங்கள் பல இவற்றால் மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தன.

அப்பிள் நிறுவனம் எதிர்த்திசையிற் சென்றது. 2009இல் வெளிவந்த ஐபோன் 3ஜீஎஸ் தொடக்கம், மீளப் பதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்நிறுவனத்தின் சேவையகம் குறித்த சாதனத்துக்கெனக் கையொப்பமிட்டாலன்றிப் பதிவு நிறைவேறாது. 2010 யூலையில் ஐக்கிய அமெரிக்காவின் காங்கிரசு நூலகம், திறன்பேசியின் இத்தகைய தடைகளை உடைமையாளர் நீக்குதல் பதிப்புரிமைச் சட்டத்தை மீறுவதாகாதென விலக்களித்தது. சட்டம் அனுமதித்தது, ஆயின் பூட்டை அகற்றுமாறு தயாரிப்பாளரைப் பணிக்கவில்லை.

பூட்டும் நினைவும்

எனினும் பூட்டினை வெறும் வணிகச் சூழ்ச்சியென ஒதுக்குதல் நேர்மையான வரலாறாகாது. எவரும் மீளப் பதிக்கக்கூடிய சாதனத்தைத் திருடரும் மீளப் பதிக்கலாம். மீட்பு நிலையிற் சென்று யாவற்றையும் துடைத்துவிட்டால் திருட்டுப்பொருள் புதுப்பொருளாகிவிடும். 2013இல் ஐபோனிலும் 2015இல் அன்ட்ரொயிட் 5.1 பதிப்பிலும் வந்த காப்புமுறைகள், முழுவதும் துடைக்கப்பட்ட பின்னரும் முன்னைய உடைமையாளரின் கணக்கை வினவின. தொடக்க ஏற்றியின் பூட்டைத் திறக்கும்போது பயனரின் தரவு அழிக்கப்படுவதும் இக்காரணம் பற்றியே. அன்றேல் கையிற் கிடைத்த சாதனத்தின் இரகசியங்களை எவரும் வாசித்துவிடுவர்.

இக்காப்புக்கு ஒரு விலையும் உண்டு. தரவு மறைகுறியாக்கப்பட்டிருப்பதால், துடைக்கும்போது மறைகுறியின் திறவுகோல் அழிந்துவிடும். அதன்பின் எஞ்சும் எழுத்துகள் எவராலும் வாசிக்கவியலாதவை. இறந்துபோன தாயின் குரற்பதிவோ ஆய்வுக்கெனத் திரட்டிய குறிப்புகளோ வேறெங்கும் படியெடுத்து வைக்கப்படாவிடின், அவை மீளா. மீட்பு நிலை மீட்பது பொறியையேயன்றி மனிதனின் நினைவையன்று. பெயரிலுள்ள இம்மயக்கத்தைப் பலர் இழப்பின் பின்னரே உணர்கின்றனர்.

மாற்றவியலாத முதற் கட்டளையும் குறையற்றதன்று. 2019 செப்டெம்பரில் வெளியிடப்பட்ட செக்மேட் என்னும் வழு, ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் எக்ஸ் வரையான சாதனங்களின் செயலியிற் பொறிக்கப்பட்ட தொடக்கக் கட்டளைகளிலேயே அமைந்திருந்தது. அக்கட்டளைகள் வாசிப்பு மாத்திரமானவையாதலின், விற்கப்பட்ட சாதனங்களில் அதனை மென்பொருளால் திருத்துதல் இயலாதாயிற்று. 1999இல் அழிந்தமையாற் கேடு விளைந்தது. 2019இல் அழிக்க முடியாமையாற் கேடு நிலைத்தது.

முடிவுரை

2016இல் வெளிவந்த அன்ட்ரொயிட் 7.0 பதிப்பு, முறைமையை இரு தொகுதிகளாக வைக்கும் வழியைக் கொணர்ந்தது. ஒன்று இயங்கும்போதே மற்றையதிற் புதியது பதிக்கப்படும். புதியது எழாவிடின் சாதனம் தானே பழையதற்குத் திரும்பும். 31 கட்டளைகளில் தொடங்கிய வரலாறு, மனிதனின் கை வேண்டாத நிலைவரை வந்துள்ளது. பொறியியல் நோக்கில் இது பெருஞ்சாதனையே.

ஆயினும் தொகுத்து நோக்குமிடத்து, வசதி வளர்ந்த ஒவ்வொரு படியிலும் முதற் கட்டளை பயனரிடமிருந்து ஒரு படி விலகிச்சென்றமை புலனாகின்றது. ஆளிகளைத் தள்ளியவர் களைத்தார். ஆனால் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. இன்று பொத்தானை அழுத்துபவர் களைப்பதில்லை. ஆனால் எங்கோ உள்ள சேவையகம் இசையவேண்டும், நிறுவனம் பொதியைத் தொடர்ந்து வழங்கவேண்டும். 2025 யூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதி, திறன்பேசியின் விற்பனை நிறுத்தப்பட்ட பின்னரும் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு முறைமைப் புதுப்பிப்புகளை வழங்குமாறு கோருவது, இப்பொறுப்பைச் சட்டத்தின் வரம்புக்குட் கொணரும் முயற்சியாகும். திருடரைத் தடுக்கும் பூட்டு உடைமையாளரையும் தடுக்கவேண்டியதில்லை. திறவுகோல் ஒன்று அவரிடமும் இருத்தல் கூடும். அதனை அவரிடம் அளிப்பதா என்பது பொறியியல் தீர்க்கும் வினாவன்று, சமூகம் தீர்க்கவேண்டியதாகும்.