சூடத்தை அணைக்காத ஐயன்

காலையில மடையைத் திருப்பும்போது ஒரு "முருகா". புல்லுக்கட்டை இறக்கும்போது ஒரு "சிவசிவா". மோட்டார் மக்கர் பண்ணினா "அட ஆண்டவா". எங்க கொங்கு நாட்டுல இன்னும் ஒருபடி மேல. பேரனைக் கொஞ்சுறதும் "சாமி"தான், சந்தையில விலை படியாம கும்பிடு போடுறதும் "வேண்டாஞ் சாமி"தான்.

டவுன்ல இருந்து வந்த நண்பர் ஒருத்தர், "இத்தனை தடவை சும்மா கூப்பிட்டா அந்தப் பேருக்கு என்னங்க மதிப்பு?"ன்னு கேட்டார். அப்போ எங்க ஐயன் ஞாபகம் வந்தது. அப்பாவை நாங்க அப்படித்தான் சொல்வோம்.

ஐயன் மூச்சுக்கு மூச்சு முருகா சொல்றவர். நான் பள்ளிக்கூடம் போன காலத்துல பக்கத்துத் தோட்டத்தோட வரப்புத் தகராறு வந்தது. எல்லைக்கல் ரெண்டு முழம் நகர்ந்திருக்குன்னு அவங்க சொன்னாங்க. ஊர்ப் பெரியவங்க கோயில்ல கூடி, "கல்லை நகர்த்தலைன்னு சூடத்தை அணைச்சு ஒரு சத்தியம் பண்ணிருங்க, பேச்சு முடிஞ்சுது"ன்னாங்க. சூடமும் ஏத்தியாச்சு. ஐயன் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "அந்த ரெண்டு முழத்தை அவங்களே வெச்சுக்கட்டுங்க"ன்னு எந்திரிச்சு வந்துட்டார். ஆத்தாவுக்கு ஆத்திரம் தாங்கலை. "அப்போ நாம திருடினதாத்தானே ஊர் பேசும்?"

மண்ணுக்கும் சாமி பேருக்கும் உள்ள முடிச்சு இன்னைக்கு நேத்து வந்ததில்லைங்க. கோயிலுக்கு நிலம் விட்ட பழைய கல்வெட்டுகளைப் பாருங்க. இந்தத் தர்மத்தைக் கெடுத்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்துல போவான்கிற மாதிரி முடியும். சர்வேக் கல் இல்லாத காலத்துல பயம்தான் வேலி.

வெள்ளைக்காரன் கோர்ட்டு வந்தப்பவும் இதே வழிதான். இந்துன்னா கங்கைத் தண்ணி, முஸ்லிம்னா குர்ஆன், அதன்மேல சத்தியம் வாங்கினாங்க. ஆனா நிறையப் பேர் மாட்டேன்னுட்டாங்க. பொய் சொல்ல வந்ததால இல்ல. அப்படிச் சாமியை இழுக்குறதே அவங்க மனசுக்கு ஒப்பலை. கம்பெனி ஆட்சி 1840-ல போட்ட 5-ஆம் சட்டம் இதை முகப்புலயே ஒத்துக்குது. இந்த மாதிரி சத்தியத்தைக் கட்டாயப்படுத்துறது மனசாட்சிக்கு விரோதமா இருக்கு, நீதிக்கும் தடையா இருக்குன்னு சொல்லி, வெறும் உறுதிமொழி போதும்னு ஆக்கினாங்க.

அப்புறம் 1873-ல வந்த சத்தியப் பிரமாணச் சட்டம் எங்க ஊர்ப் பஞ்சாயத்தை அப்படியே கோர்ட்டுக்குள்ள கொண்டு வந்தது. "எதிராளி இன்ன மாதிரி சத்தியம் பண்ணினா நான் கட்டுப்படுறேன்"னு ஒருத்தர் சொல்லலாம். எதிராளி பண்ணிட்டா, சொன்னவருக்கு எதிரா அதுவே முடிவான சாட்சி. ஆனா ரெண்டு விஷயத்துல சட்டம் கவனமா இருந்தது. மூணாவது ஆளைப் பாதிக்குற சத்தியம் கூடாது; "என் புள்ளை மேல சத்தியமா" செல்லாது. ரெண்டாவது, மாட்டேன்னு சொல்றவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. மறுத்தார், இன்ன காரணம் சொன்னார்னு எழுதி வெச்சுக்கணும்.

1969-ல வந்த புதுச் சட்டம் அந்தப் பந்தயச் சத்தியத்தை எடுத்துடுச்சு. இப்போ கூண்டுல கடவுள் பேராலயும் சொல்லலாம், உளமார உறுதின்னும் சொல்லலாம்.

நடுவுல, 1949 அக்டோபர் 17-ந் தேதி அரசியல் நிர்ணய சபையிலயும் இந்தப் பேச்சு வந்தது. அரசியல் சட்டத்தோட முகவுரையை "கடவுளின் பெயரால்"னு தொடங்கணும்னு எச்.வி. காமத் திருத்தம் கொண்டு வந்தார். மனசுக்குள்ள இருக்க வேண்டிய விஷயத்தை இப்படிச் சபையில வைக்கிறதே தப்புன்னு வருத்தப்பட்டவர் எச்.என். குன்ஸ்ரு. கடைசியில ஓட்டுக்கே விட்டாங்க. ஆதரவு 41, எதிர்ப்பு 68.

ஐயன் கிட்ட ரொம்ப வருஷம் கழிச்சு ஒருநாள் கேட்டேன். கட்டில்ல படுத்திருந்தார். "நான் கல்லை நகர்த்தலை சாமி. அது நெசம். ஆனா எங்கய்யன், உன்ற அப்பாரு, நகர்த்தினாரான்னு எனக்குத் தெரியாது. நான் சூடத்தை அணைச்சிருந்தா ஊரு அவருக்கும் சேர்த்துத்தான எடுத்துக்கும்?"

எங்க பஞ்சாயத்துல மறுப்பு மட்டும்தான் ஊருக்கு ஞாபகம் இருக்கு. காரணத்தை எழுதி வைக்க ஆள் இல்ல. அதான் இங்க எழுதிட்டேன்.

நண்பருக்கு இதைத்தான் சொன்னேன். சும்மா கூப்பிடுறது ஒன்னும் குறைச்சல் இல்லைங்க. பக்கத்துலயே இருக்கறவங்களைத்தான் அப்படிக் கூப்பிடுவோம். எங்களுக்குக் கை நடுங்குறது சாட்சிக்குக் கூப்பிடும்போதுதான்.

அந்த ரெண்டு முழம் இப்பவும் அவங்க பக்கம்தான் இருக்கு. வேப்பமரம் ஒன்னு வளர்ந்து நிக்குது. மத்தியான வெயில்ல நிழல் எங்க வரப்புலதான் விழும். உட்காரும்போது வாய் தானா "முருகா"ங்குது.