நூலக அரங்கம் யாருடைய சொத்து?

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று குழுவினர் கேட்டதும் என் நினைவுக்கு வந்தது, கல்லூரிக்குப் பிறகு எனக்கு வாய்த்த இன்னொரு வகுப்பறை. சென்னை அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் நூலக அரங்கம். பழைய ஆட்களைக் கேட்டால் 'எல்.எல்.ஏ. பில்டிங்' என்பார்கள்.

வேலை முடிந்து சாயங்காலம் அங்கே போய் உட்காருவேன். புத்தக வெளியீடு, கவியரங்கம், சிறுபத்திரிகைக்காரர்களின் விவாதம் என்று ஏதாவது ஒன்று நடக்கும். கல்யாண மண்டபத்துக்கு வாடகை கட்ட வக்கில்லாத சின்னச் சின்ன அமைப்புகளுக்கு அதை விட்டால் வேறு போக்கிடம் ஏது?

இந்த வசதி யாரோ போட்ட பிச்சை இல்லை, நண்பர்களே! சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்குச் சட்டம் வேண்டுமென்று பல வருஷம் போராடினார். அதன் பலனாக 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் இதுவே. சென்னை நகருக்கும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் நூலக ஆணைக்குழு அமைக்க அது வழி செய்தது. அந்தக் குழுவின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்தான் 'எல்.எல்.ஏ.'. செலவுக்குச் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்க ஏற்பாடாயிற்று. ஆக, வரி கட்டும் நம் ஒவ்வொருவருக்கும் அந்த அரங்கத்தின் நாற்காலியில் பாத்தியதை உண்டு.

பாத்தியதை இருந்தாலும் கவனிக்காவிட்டால் கைநழுவிப் போகும். கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தையே பாருங்கள். அதை இடம் மாற்றி, கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போவதாக 2011இல் அரசு அறிவித்தது. 2012இல் அதன் அரங்கம் கல்யாண வரவேற்புக்கே வாடகைக்குப் போயிற்று! வாசகர்கள் சும்மா இருக்கவில்லை. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. நீதிமன்றம் தடை போட்டது. நூலகம் தப்பியது.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் ஊர் நூலகத்தில் வாசகர் வட்டம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் நாலு பேர் சேர்ந்து நூலகரைப் போய்ப் பாருங்கள். பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் கூட்டம்தான். பூட்டியே கிடக்கும் அரங்கத்தை வேறு எதற்காவது கேட்க ஆள் வந்துவிடும். நாம் பேசிக்கொண்டிருக்கும் அரங்கத்தைக் கேட்க யாருக்கும் துணிச்சல் வராது.