அருமண் காந்தங்களின் வரலாறு

அருமண் காந்தம் என்பது அருமண் தனிமம் ஒன்று கோபால்ட்டுடனோ இரும்புடனோ இணைந்த சேர்மத்தால் செய்யப்படும் நிலைக்காந்தம் ஆகும். மின்னுந்துகளின் மோட்டார், காற்றாலை, ஒலிபெருக்கி ஆகியவற்றில் இது பயன்படுகிறது.

பிரித்தெடுத்தல்

அருமண் தனிமங்கள் வேதிப்பண்புகளில் ஒன்றையொன்று பெரிதும் ஒத்தவை. எனவே அவற்றைப் பிரிப்பது கடினம். 1841இல் மொசாண்டர் ஒரே தனிமம் எனக் கருதிய டிடிமியத்தை, 1885இல் ஆஸ்திரிய வேதியியலாளர் அவுர் வான் வெல்ஸ்பாக் நியோடிமியம், பிரசியோடிமியம் என இரண்டாகப் பிரித்தார். அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் ஃபிராங்க் ஸ்பெடிங் குழுவினர் 1940களில் அயனிப் பரிமாற்ற முறையை வளர்த்தெடுத்த பின்னரே தூய அருமண் உலோகங்கள் ஆய்வுக்குப் போதிய அளவில் கிடைத்தன.

காந்தப் பண்பு

இத்தனிமங்களின் உட்கூட்டில் இணையாத எலக்ட்ரான்கள் உள்ளன. அவற்றால் அணுவின் காந்தத்திறன் மிகுகிறது. எனினும் வெப்பம் அந்த ஒழுங்கை எளிதில் குலைத்துவிடும். கடோலினியம் இரும்பைப்போலக் காந்தமாகும் என்பது 1935இல் அறியப்பட்டது. ஆனால் ஏறத்தாழ 20° செல்சியசிலேயே அது அப்பண்பை இழக்கிறது. இரும்பும் கோபால்ட்டும் உயர்ந்த வெப்பத்தைத் தாங்குபவை. அருமண் தனிமமோ காந்தத்தின் திசை மாறாமல் பிடித்துவைக்கும். இவ்விரண்டையும் ஒரே படிகத்தில் சேர்ப்பதே ஆய்வாளர்களின் நோக்கமாயிற்று.

கோபால்ட்டிலிருந்து இரும்புக்கு

1966இல் கார்ல் ஸ்டிர்நாட், ஹோஃபர் ஆகியோர் இட்ரியம்-கோபால்ட் சேர்மத்தின் காந்தப் பண்பை வெளியிட்டனர். இதன் தொடர்ச்சியாக வலிமையான சமாரியம்-கோபால்ட் காந்தங்கள் உருவாயின. 1978இல் சயீர் நாட்டின் சாபா மாகாணத்தில் நிகழ்ந்த போரால் கோபால்ட் விலை பன்மடங்கு உயர்ந்தது. எனவே மலிவான இரும்பை நாட வேண்டியதாயிற்று.

அன்று அறியப்பட்டிருந்த அருமண்-இரும்புச் சேர்மங்கள் குறைந்த வெப்பத்திலேயே காந்தத்தன்மையை இழந்தன. இரும்பணுக்கள் மிக நெருங்கியிருப்பதே காரணம் என்று கருதிய ஜப்பானியர் மசாட்டோ சகாவா, சிறிய அணுவான போரானைச் சேர்த்துப் பார்த்தார். இரண்டு நியோடிமியம், பதினான்கு இரும்பு, ஒரு போரான் என்ற விகிதத்தில் புதிய படிகமே கிடைத்தது. அதைப் பொடியாக்கி, காந்தப்புலத்தில் வரிசைப்படுத்தி, அழுத்திச் சுட்டு அவர் காந்தமாக்கினார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஜான் குரோட், உருகிய கலவையைச் சுழலும் சக்கரத்தில் பீய்ச்சி நொடியில் உறையவைத்து அதே சேர்மத்தை அடைந்தார். 1983இல் இருவரும் தனித்தனியே தம் முடிவுகளை அறிவித்தனர்.

இன்றைய நிலை

இச்சேர்மம் சுமார் 312° செல்சியசில் காந்தத்தன்மையை இழக்கிறது. அதற்கு முன்பே, மோட்டாரின் சூட்டில் அதன் பிடிப்பு தளரத் தொடங்கும். இதைத் தடுக்க டிஸ்புரோசியம் சேர்க்கப்படுகிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில் நியோடிமியம் உண்டு. டிஸ்புரோசியமோ மிகக் குறைவு. கோபால்ட் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பிறந்த காந்தம் இன்று வேறொரு தனிமத்தின் தட்டுப்பாட்டை எதிர்கொள்கிறது. அதன் அளவைக் குறைக்கும் ஆய்வுகள் தொடர்கின்றன.